சம்பத்திரிசியார் கல்லூரியும் தமிழும்

காவலூர் என்னும் பெயர் தமிழ் வழங்கும் நிலத்தில் ஓரூர்க்கே உரியதன்று. சவ்வாது மலைமேல், 1960களின் பிற்பகுதியில் விண்மீன் ஆராய்ச்சிக்கென இடம் தேரப்பெற்று, பின்னர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய வானாய்வு நிலையம் எழுந்த சிற்றூர் ஒரு காவலூர். ஈழத்தின் வடபால், யாழ்ப்பாணத்திற்கு மேற்கே கடல் சூழ்ந்த தீவில், ஊர்காவற்றுறை எனப்படும் பழந்துறைமுகம் மற்றொரு காவலூர். பின்னதன் பெயர் சுருங்கியே காவலூர் என வழங்கிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இத்துறையை ஊராத்துறை என்றே குறிக்கின்றது. அப்பழைய வடிவத்தை நோக்குமிடத்து, ஊர் காவல் துறை எனப் பிரித்துப் பொருள் காண்பது பிற்காலத்தார் கற்பனையோ என ஐயுறவும் இடமுண்டு. அஃது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது.

சவ்வாது மலைக் காவலூரை இவ்வளவில் விடுத்து ஈழத்துக் காவலூரை நாம் எடுத்துக்கொண்டது, அதனை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் 1913-ஆம் ஆண்டு பிறந்த சிறுவன் ஒருவன் பொருட்டாகவே ஆகும். அவன் உள்ளூரில் தொடக்கக் கல்வி பெற்று, பின்னர் யாழ்ப்பாண நகரில் ஒரு கத்தோலிக்க ஆடவர் பள்ளியிற் பயின்றான். அப்பள்ளி சம்பத்திரிசியார் கல்லூரி. அச்சிறுவனே பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சிக்கு ஓர் அமைப்பினை உண்டாக்கிய சேவியர் தனிநாயக அடிகள். ஆங்கிலத்தைக் கற்பிப்பதற்கென்றே தொடங்கிய ஒரு பள்ளி, தமிழோடு எத்தகைய உறவு கொண்டிருந்தது? தமிழறிஞர் ஒருவர் அப்பள்ளியினின்று தோன்றினார் என்பதனால் அப்பள்ளி தமிழை வளர்த்தது எனக் கூறிவிடல் பொருந்துமா? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதற்கண் பள்ளியின் தோற்றத்தைக் காண்போம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பழமையான சமுதாயத்தினர். போர்த்துக்கேயர் காலத்திலேயே அவர்தம் கோயில்கள் எழுந்தன. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய பின்னர் அவர்கள் மறைவாகவே தம் சமயத்தைக் காத்தல் வேண்டியதாயிற்று. 1687-இல் கோவையினின்று, அதாவது மேலைக் கடற்கரைக் கோவாவினின்று, வந்த யோசேப்பு வாஸ் அடிகள் இரவலர் வேடம் பூண்டு பணிபுரிந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆங்கிலேயர் ஆட்சியில், 1806-ஆம் ஆண்டில்தான் கத்தோலிக்கர்மீது இருந்த சட்டத் தடைகள் நீங்கின. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பள்ளியும் பட்டயமும் இன்றி வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம், கல்வித்துறையிற் பிந்தியிருந்ததில் வியப்பில்லை.

அதே காலத்தில் ஏனையோர் விரைந்து முன்சென்றனர். அமெரிக்க மிஷனார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரி ஆங்கிலம், கணிதம், வானநூல் ஆகியவற்றோடு தமிழையும் வடமொழியையும் கற்பித்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குக் கற்றவரே. வெசுலியரும் இங்கிலாந்துத் திருச்சபையாரும் தனித்தனியே பள்ளிகளை நடத்தினர். வெசுலியர் பள்ளியிற் கற்று அங்கேயே கற்பித்தும் வந்த ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இதற்கு இரண்டாண்டு பின்னர், 1850-இல், இத்தாலியரான ஒராசியோ பெத்தாக்கினி மேற்றிராணியார் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் திறந்தார். அதுவே பின்னர் ஆடவர் செமினரி எனப் பெயர் பெற்று, 1881-இல் சம்பத்திரிசியார் கல்லூரி ஆயிற்று.

இவ்விரு தொடக்கங்களையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து. நாவலர் பள்ளியும் பெத்தாக்கினியார் பள்ளியும் ஒரே அச்சத்தினின்று பிறந்தவை. தம் பிள்ளைகள் பிற சமயத்தார் பள்ளிக்குச் சென்று மனம் மாறுவர் என்பதே அவ்வச்சம். மருந்துதான் வேறுபட்டது. சைவத்தைக் காக்கத் தமிழ்க் கல்வியை நாவலர் முதற்கருவியாகக் கொண்டார். கத்தோலிக்கத்தைக் காக்க மேற்றிராணியார் ஆங்கிலத்தை எடுத்தார். சைவர்க்குத் தமிழ் நூற்செல்வம் கையிலேயே இருந்தது; அதனைப் பள்ளிக்குள் கொணர்தல் மட்டுமே வேண்டப்பட்டது. கத்தோலிக்கப் பெற்றோர் பிள்ளையைச் சீர்திருத்தச் சபையார் பள்ளிக்கு அனுப்பியதோ ஆங்கிலம் கருதி. ஆதலின் அவர்களைத் தடுக்க ஆங்கிலமே கொடுக்கவேண்டியிருந்தது.

ஈண்டு ஒரு விந்தையும் உண்டு. பள்ளியை நிறுவியவர் இத்தாலியர். 1847 முதல் இலங்கையிற் பணிபுரியத் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபையினர் பெரும்பாலும் பிரான்சு நாட்டினர். அவர்களுள் பலர்க்கு ஆங்கிலமும் தமிழைப் போலவே கற்றறிய வேண்டிய வேற்றுமொழி. ஆதலின் ஆங்கிலம் கற்பிக்க அயர்லாந்து நாட்டவரை நாடினர். கத்தோலிக்கராகவும் ஆங்கிலம் பேசுவோராகவும் இருந்தவர் அவரே. அயர்லாந்தின் காவற் புனிதரான பத்திரிசியார் பெயர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கு வந்த வழி இது.

பெயரின் தமிழ் வடிவமும் நோக்கத்தக்கது. புனிதர் என்னும் பொருளில் போர்த்துக்கேயர் வழங்கிய சொல் தமிழில் சந் என நின்று, பகரம் வருமிடத்துச் சம் எனத் திரிந்தது. சந்தியோகுமையோர் என்னும் பெயரிலும் சம்பேதுரு என்னும் பெயரிலும் காண்பது இதுவே. எனவே சம்பத்திரிசியார் என்னும் ஒரு சொல்லில் போர்த்துக்கேய முன்னொட்டும், அயர்லாந்துப் புனிதர் பெயரும், தமிழ் உயர்வுப் பன்மை விகுதியும் கலந்து கிடக்கின்றன. பள்ளியின் வரலாறு முழுவதையும் அதன் பெயரே ஏந்தி நிற்கிறது எனலாம். இக்காலத்துப் பலரும் புனித பத்திரிசியார் கல்லூரி என எழுதுகின்றனர். பழைய வடிவமே இனியது என்பது எம் கருத்து.

ஒரு சமயச் சபை நடத்தும் ஆங்கிலப் பள்ளி நெடுங்காலம் நிலைபெற வேண்டுமாயின் பொருள் வேண்டும். அதற்கு வழி செய்தவருள் தலையாயவர் கிறிஸ்தோபர் பொன்ஜீன். முன்னர்க் கோயம்புத்தூர்ப் பகுதியில் மறைப்பணி செய்து, பின்னர் அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து யாழ்ப்பாணம் வந்தவர் இவர். 1860-ஐ ஒட்டிக் கத்தோலிக்கக் கல்வி குறித்து இவர் எழுதிய சிறு நூல்கள், அவ்வச் சமயத்தார் நடத்தும் பள்ளிக்கு அரசு உதவிப் பணம் அளித்தல் வேண்டும் என வாதிட்டன. 1865-இல் சட்டசபை அமைத்த குழு இப்பொருளை ஆராய்ந்தது. 1869-இல் பொதுக் கல்வித் திணைக்களம் தோன்றியது. சமயப் பள்ளிகட்கு உதவிப் பணம் வழங்கும் முறையும் வேரூன்றிற்று. 1868 முதல் 1883 வரை பொன்ஜீன் யாழ்ப்பாணத்து மேற்றிராணியாராக இருந்த காலம், பள்ளிகள் பெருகிய காலம்.

உதவிப் பணம் வந்தபோது அதனோடு ஒரு தளையும் வந்தது. மாணவர் பரீட்சையில் அடைந்த பேற்றை அளந்தே பணம் கொடுக்கப்பட்டது. 1880 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடைபெறலாயின. ஆங்கிலப் பள்ளிகளின் பாடத்திட்டம் யாழ்ப்பாணத்தில் அன்று, கேம்பிரிட்ஜில் வகுக்கப்பட்டது. தேறிய இளைஞர்க்கு அரசாங்க எழுதுவினைஞர் வேலை காத்திருந்தது. உள்ளூரில் இல்லையேல் மலாயாவில் இருந்தது. அங்கு இருப்புப்பாதையும் அரசாங்கப் பணிமனைகளும் யாழ்ப்பாணத்து இளைஞரை ஆண்டுதோறும் ஈர்த்தன. ஒரு தந்தை தன் நெற்காணியை ஈடுவைத்து மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினான் எனின், அஃது அறியாமையன்று, கணக்கறிந்த செயலே. அக்கணக்கில் தமிழுக்கு மதிப்பெண் இல்லை.

இந்நிலையை மேலும் கூர்ந்து நோக்கின் ஒரு முரண் புலப்படும். பள்ளியின் மதிற்கு வெளியே அதே கத்தோலிக்கத் திருச்சபை முற்றிலும் தமிழில் இயங்கிற்று. மறையுரையும் செபமும் தமிழ். 1876-இல் ஆங்கிலத்தில் ஒன்றும், தமிழில் சத்தியவேத பாதுகாவலன் என ஒன்றுமாக இதழ்கள் தோன்றின. அண்மையிலுள்ள குருநகரிலும் பாசையூரிலும் கடல்தொழில் புரிவோர் புனிதர் வரலாறுகளைக் கூத்தாக ஆடிவந்தனர். அண்ணாவியார் ஒருவர் ஏட்டைக் கையிலேந்தி விடிய விடியப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மரபு அங்கு இன்றும் அழிந்திலது. ஒரே கடற்கரை, ஒரே மறை. மதிலின் ஒருபுறத்தில் விருத்தமும் தருவும், மறுபுறத்தில் ஆங்கில இலக்கணம். கூத்தாடியவரின் மகன் மதிலைக் கடந்து உட்புகுந்தால், தந்தையின் பாட்டை வெளியே வைத்துவிட்டே புகல் வேண்டும்.

இவ்வாறு கூறுதலால் பள்ளியின் நற்பண்புகளை மறைத்தல் ஆகாது. விடுதியில் தீவுப்பகுதியினின்றும் மன்னார்ப் பக்கத்தினின்றும் வந்த பிள்ளைகள் ஒருங்கு வாழ்ந்தனர். காவலூர்ச் சிறுவர்க்கு அக்காலத்தில் நகரம் என்பது கடல் கடந்து சேரும் இடம். விடுதியின்றி அவர்கட்கு உயர்கல்வி இல்லை. விளையாட்டில் பள்ளி பெரும் பெயர் ஈட்டியது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு ஆண்டுதோறும் ஆடும் துடுப்பாட்டம் பொன் அணிகளின் போர் என இன்றும் நகரத்தாரை மைதானத்திற்கு இழுக்கின்றது. உதைபந்தாட்டத்தில் கடற்கரைப் பிள்ளைகள் காட்டும் திறம் சொல்ல வேண்டுவதன்று. விசுவாசத்தாலும் உழைப்பாலும் என்னும் பொருள்பட அமைந்த இலத்தீன் தொடர் பள்ளியின் குறிக்கோள் மொழி. இவற்றையெல்லாம் பழைய மாணவர் சொல்லக் கேட்டல் இனிது. எம் பொருளுக்கு வேண்டும் அளவில் இங்கு நிறுத்துவோம்.

தனிநாயக அடிகள் 1920களில் இப்பள்ளியிற் கற்றார். அஃது யாழ்ப்பாணம் விழித்தெழுந்த காலம். 1924-இல் தோன்றிய மாணவர் காங்கிரசு தாய்மொழியையும் நாட்டுப்பற்றையும் பேசியது. அதன் அழைப்பின்பேரில் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். வெளியே இவ்வளவும் நிகழ, வகுப்பறை பழைய முறையிலேயே சென்றது. அடிகள் பின்னர்க் கொழும்புக் குருமடத்திலும், 1934 முதல் உரோமையிலும் பயின்று, 1938-இல் குருவானார். ஐரோப்பிய மொழிகள் பல அவர்க்குக் கைவந்தன. 1940-இல் திருநெல்வேலி வடக்கன்குளத்துப் பள்ளியிற் பணியேற்றபோதுதான், தாய்மொழி இலக்கியத்தைத் தாம் முறையாகக் கற்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். இருபத்தேழு வயதிற்குமேல், பிறர்க்குப் பாடம் சொல்லும் நிலையில் இருந்துகொண்டே, பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். பின்னர் 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து தமிழில் முதுகலையும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார்.

ஆகவே சம்பத்திரிசியார் கல்லூரி அவர்க்குத் தமிழைக் கொடுக்கவில்லை. இதனை ஒளியாது கூறுதல் வேண்டும். எனினும் அது கொடுத்தது யாது என்பதையும் கூறல் வேண்டும். 1952-இல் அடிகள் தொடங்கிய தமிழ்ப் பண்பாட்டு ஆராய்ச்சி இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் அறியாத அறிஞர்க்குத் தமிழின் சிறப்பை உணர்த்தல் அதன் நோக்கம். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசையியல் அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. 1966-இல் முதல் மாநாடு கோலாலம்பூரிலும், 1968-இல் இரண்டாவது சென்னையிலும், 1970-இல் மூன்றாவது பாரிசிலும், 1974-இல் நான்காவது அவர் பயின்ற யாழ்ப்பாணத்திலும் நடந்தன. தில்லியிலும் பாரிசிலும் பிறநாட்டு அறிஞரை ஒருங்கு கூட்டிய மொழி, யாழ்ப்பாணத்து வகுப்பறையில் அவர் கற்ற மொழி. தமிழை நீக்கி வைத்து ஊட்டிய ஆங்கிலமே தமிழுக்குத் தூது சென்றது. ஆனால், இப்பயனைக் கருதியே பள்ளி அவ்வாறு கற்பித்தது என எவரேனும் கூறுவரேல், அது வரலாறாகாது. ஒருவர் தம் இழப்பை உணர்ந்து முயன்று ஈடு செய்தார். அவ்வாறு ஈடு செய்யாதார் எத்துணையர் என்பதற்குக் கணக்கு எவரிடத்தும் இல்லை.

தாவீது அடிகளை நோக்கின் இக்கருத்து மேலும் தெளிவுறும். எச். எஸ். தாவீது அடிகள் இக்கல்லூரியில் ஆசிரியராக இருந்து தமிழ்ச் சொற்பிறப்பாராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டவர். யாழ்ப்பாணத்து மறைமாவட்டத்தில் அத்துறைக்கு முன்னோடி நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து, 1947-இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாது நின்றது. அம்மரபிலே தாவீது அடிகள் தொடர்ந்தார். தனிநாயக அடிகளின் ஆங்கில இதழிலும் கட்டுரைகள் வரைந்தார். கல்லூரியின் பாடத்திட்டம் இவ்வாராய்ச்சியை வேண்டவுமில்லை, விலக்கவுமில்லை. ஓர் ஆசிரியர் மாலை வேளையில் தம் அறையில் அமர்ந்து தனியே செய்த தொண்டு அது.

இனிப் பள்ளியின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1943-இல் கன்னங்கரா குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945-இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி முதலில் கீழ்வகுப்புகளிலும், 1950களில் மேல்வகுப்புகளிலும் போதனாமொழி ஆயிற்று. நூறாண்டு வெளியே நின்ற தமிழ் வகுப்பறைக்குள் வந்தது. வந்த வேளை பொல்லாத வேளை. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டமாயிற்று. ஆங்கிலம் கற்றவன் வேலை பெற்ற காலத்தில் தமிழ் பள்ளியில் இல்லை. தமிழ் பள்ளிக்கு வந்த காலத்தில் தமிழால் வேலை இல்லை. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் இதனினும் கொடிய திருப்பம் பிறிதொன்றை யாம் அறியோம்.

1960-இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு தன் ஆட்சிக்கீழ்க் கொணர்ந்தது. நாட்டின் பல பகுதிகளிற் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுள் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர்; பம்பாயினின்று கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து இணக்கம் பேசினார். உயர்தரப் பள்ளிகள் விரும்பின் உதவிப் பணமின்றியும் கட்டணம் வாங்காமலும் தனித்து நடக்கலாம் என்னும் விதிப்படி, சம்பத்திரிசியார் கல்லூரி சபையின் கையிலேயே நின்றது. உதவிப் பணத்திற்கென ஒரு நூற்றாண்டின் முன் பொன்ஜீன் வாதாடி வென்றதை நினைப்பார்க்கு, அப்பணத்தைத் துறந்தே பள்ளியைக் காக்க நேர்ந்தது கருதத்தக்கது.

பள்ளியின் பண்பை அறிய இன்னும் ஒரு செய்தி உண்டு. அது பள்ளிக்கு வெளியே நிகழ்ந்தது. 1934-இல் வாடகை அறையொன்றில் சில நூறு நூல்களோடு தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தக்க கட்டடம் வேண்டும் என நகரத்தார் முயன்றபோது, முன்னின்று உழைத்தவருள் ஒருவர் இக்கல்லூரியின் அதிபராய் நெடுங்காலம் இருந்த அயர்லாந்தினரான லோங் அடிகளார். கட்டட வரைவு சென்னையினின்று வந்தது. நூலகவியல் வல்லுநர் எஸ். ஆர். அரங்கநாதன் அறிவுரை வழங்கினார். 1954 மார்ச்சு 29-இல் அடிக்கல் நாட்டியோருள் லோங் அடிகளாரும் ஒருவர். 1959-இல் நூலகம் திறக்கப்பெற்றது. தம் பள்ளிக்கு ஒரு நூலகம் கட்டுதல் அதிபர்க்கு இயல்பு. சைவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒருங்கே புகும் நகர நூலகத்திற்கு உழைத்தமை, மதிலுக்குள் ஒடுங்கியிருந்த பள்ளியின் மனம் எவ்வளவு விரிந்தது என்பதைக் காட்டும். ஏட்டுச் சுவடிகளும் பழந்தமிழ் அச்சு நூல்களும் அந்நூலகத்திற் சேர்ந்தன. வகுப்பறைக்கு வெளியே நின்ற தமிழுக்கு, அவ்வகுப்பறையின் தலைவரே வீடு அமைக்கத் துணைநின்றார் என்றால் மிகையாகாது.

1981 சூன் மாதத் தொடக்கத்தில் ஓரிரவு அந்நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. கல்லூரியின் மேல்மாடத்தினின்று அத்தீயைக் கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சியுற்று வீழ்ந்து உயிர் நீத்தார் எனப் பதிவாகியுள்ளது. தனிநாயக அடிகள் ஓராண்டு முன்னரே, 1980 செப்டம்பர் முதல் நாளில், மறைந்திருந்தார்.

பின்னர் வந்த போர்க்காலத்தில் நகரத்தார் பட்ட துன்பம் பள்ளிக்கும் உரியதாயிற்று. 1995 அக்டோபர் இறுதியில் நகரம் முழுதும் இடம்பெயர்ந்தது, வகுப்பறைகள் வெறுமையுற்றன. மீண்டும் மக்கள் திரும்பினர். பள்ளி மணி ஒலித்தது. 2025-இல் நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன. நூலகமும் மீண்டும் கட்டப்பெற்றது. அதன் முன்றிலில் லோங் அடிகளாரின் சிலை நிற்கின்றது. தாவீது அடிகளின் அகராதிப் பணி முற்றுப்பெறவில்லை.